நூல் நம்பரும் ஊசி நம்பரும்

நர்சிங் படித்தபோது எனக்குச் சிரமமே தராத பாடம் ஒன்றுதான். அது ஊசியின் நம்பர். கூடப் படித்தவர்கள் அதில்தான் திணறினார்கள். 18 என்றால் தடித்தது, 24 என்றால் மெல்லியது. நம்பர் ஏற ஏற ஊசி ஏன் இளைக்கிறது என்று கேட்டு வார்டு சிஸ்டரிடம் திட்டு வாங்கியவள்கூட உண்டு. எனக்கு அது பிறந்த வீட்டுக் கணக்கு. எமனேஸ்வரத்தில் எங்களுடையது தறி வீடு. 40-ஆம் நம்பர் நூல் முரடு, 100-ஆம் நம்பர் நூல் சன்னம் என்பது பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே தெரியும். ஒரு பவுண்டு எடைக்கு 840 கெஜச் சிட்டம் எத்தனை தேறுகிறதோ அதுதான் பருத்தி நூலின் நம்பர். சிட்டம் கூடுதலாகத் தேற வேண்டுமென்றால் நூல் மெலிந்துதானே ஆக வேண்டும்?

ஊசியின் நம்பரும் ஒரு பட்டறையிலிருந்து வந்ததுதான். இங்கிலாந்தில் கம்பி இழுக்கிறவர்கள், அச்சுத் துளைகளின் வழியாகக் கம்பியை எத்தனை தடவை இழுத்தார்கள் என்பதை ஒட்டி நம்பர் போட்டார்கள். இழுக்க இழுக்கக் கம்பி மெலியும், நம்பர் ஏறும். பர்மிங்ஹாம் கம்பி அளவு என்று அதற்குப் பெயர். இரும்புக் கம்பிக்கு வைத்த அந்தக் கணக்கு எப்படியோ ஆஸ்பத்திரிக்குள் புகுந்து, இன்றுவரை எங்கள் டிரேயில் உட்கார்ந்திருக்கிறது.

அப்பா நூலை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தே நம்பர் சொல்லிவிடுவார். 60-க்கும் 80-க்கும் அவர் தடுமாறி நான் பார்த்ததில்லை. நரம்பைக் கண்ணால் தேடாமல் விரலால் தேடும் பழக்கம் அவரிடமிருந்து வந்தது என்றுதான் நினைக்கிறேன். (ரத்தநாளம் வேறு, நரம்பு வேறு என்பது எனக்கும் தெரியும். ஆனால் 35 வருஷத்தில் எந்த நோயாளியும் என்னிடம் ‘சிஸ்டர், சிரை கிடைக்கலையா?’ என்று கேட்டதில்லை. நரம்பு என்றே எழுதுகிறேன்.)

நான் வேலைக்குச் சேர்ந்தது 1989-இல். அப்போது வார்டில் பெரும்பாலும் ஸ்கால்ப் வெயின் செட்தான். பட்டாம்பூச்சிச் சிறகு மாதிரி இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் வைத்த இரும்பு ஊசி. அது நரம்புக்குள்ளேயே இருக்கும். நோயாளி புரண்டு படுத்தால் நரம்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அதனால் கையை மட்டையில் வைத்துக் கட்டிப்போடுவோம். நரம்பே கிடைக்காவிட்டால் டாக்டர் வந்து கணுக்காலில் கத்தி வைத்து, நரம்பைத் திறந்து, குழாயைச் செருகித் தைப்பார். கட் டவுன் என்போம். அந்தத் தழும்போடு இன்றும் நடமாடுகிறவர்கள் உண்டு.

ஊசியின் மேல் பிளாஸ்டிக் குழாயைப் போர்த்தி, உள்ளே போனதும் ஊசியை உருவிவிட்டுக் குழாயை மட்டும் விட்டுவரும் யோசனை 1950-இலேயே வந்துவிட்டது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டேவிட் மாஸா என்ற மயக்க மருத்துவர் அதைச் செய்தார். எங்கள் வார்டுக்கு வந்து சேர அது 40 வருஷம் எடுத்துக்கொண்டது. வந்ததும் அதை வென்ஃப்ளான் என்றோம். ஒரு கம்பெனி தன் சரக்குக்கு வைத்த பெயர் அது. எந்தக் கம்பெனியின் கேனுலாவாக இருந்தாலும் இன்றும் எங்கள் வாயில் வென்ஃப்ளான்தான்.

அதன் அளவுகளுக்கு நிறம் உண்டு. 14 ஆரஞ்சு, 16 சாம்பல், 18 பச்சை, 20 பிங்க், 22 நீலம், 24 மஞ்சள், 26 வயலட். வார்டில் நம்பர் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள். ‘ஒரு பச்சை எடு’ என்றால் போதும்.

அந்தப் பச்சையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். நான் வேலை கற்ற நாளில், பச்சை போடத் தெரிந்தவள்தான் ஸ்டாஃப் நர்ஸ். மஞ்சளை எடுத்தால், ‘குழந்தை வார்டுலேர்ந்து வந்தியா?’ என்பார்கள். காய்ச்சல் என்று வந்த வாலிபனுக்கும் பச்சை, வயிற்றுப்போக்கு என்று வந்த பாட்டிக்கும் பச்சை. ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்பதுதான் காரணம். ராத்திரி ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால்? காலையில் தியேட்டருக்குப் போக வேண்டி வந்தால்? வராத ராத்திரிக்கும் காலைக்கும் சேர்த்து அந்தப் பாட்டியின் புறங்கையைக் குத்திக் கிழித்திருக்கிறோம்.

ஒரு நாள் பகல் டூட்டியில் கேனுலா அட்டையின் பின்பக்கத்தைச் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். நிமிஷத்துக்கு இத்தனை மில்லி போகும் என்று அச்சடித்திருப்பார்கள். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். பச்சையில் சுமார் 90, பிங்கில் 60, நீலத்தில் 36, மஞ்சளில் 20 சொச்சம். வார்டில் நாங்கள் ஏற்றுவது என்ன? ஒரு பாட்டில், 500 மில்லி, நாலு மணி நேரத்தில். வகுத்துப் பார்த்தேன். நிமிஷத்துக்கு இரண்டு மில்லி! 20 மில்லி போகிற மஞ்சளே அதற்குப் பத்து மடங்கு. இரண்டு மில்லி தண்ணீருக்கு 90 மில்லி குழாயைப் பதித்துவிட்டு, மேலே உருளையைத் திருகிச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தோம்.

தண்ணீர் போவதுதான் இப்படி. நரம்பின் பக்கம் வேறொரு கணக்கு. குழாய் உள்ளே போன பிறகும் அதைச் சுற்றி ரத்தம் ஓட இடம் இருக்க வேண்டும். ஓடுகிற ரத்தம்தான் மருந்தைக் கலந்து நீர்க்கச் செய்து அடித்துக்கொண்டு போகும். நரம்பை அடைத்துக்கொண்டு தடித்த குழாய் கிடந்தால், பொட்டாசியம் கலந்த சலைனோ வலிப்புக்குப் போடும் ஃபெனிடோயினோ அதே இடத்தில் தங்கி நரம்பின் உள்சுவரை வேகவைக்கும். இரண்டாம் நாள் சிவக்கும், மூன்றாம் நாள் கயிறு மாதிரி தடிக்கும். அதற்குள் நாங்கள் அடுத்த கைக்குப் போயிருப்போம்.

இப்படிக் கணக்குப் போட்ட பிறகு நான் மெல்லிய ஊசியின் கட்சிக்காரியானேன். புதிதாகக் கட்சி மாறியவர்களின் வேகம் உங்களுக்குத் தெரியும். அந்த வேகத்தில்தான் பிரசவ வார்டுக்கு மாற்றலாகிப் போனேன்.

இரண்டாவது பிரசவத்துக்கு வந்திருந்த பெண் அவள். முதல் குழந்தைக்கு லைன் போட்டபோது நாலு இடத்தில் குத்தினார்கள் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். ‘அக்கா, சின்ன ஊசியாப் போடுங்கக்கா’ என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. ரத்தம் குறைவு என்று சீட்டிலேயே இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. புறங்கையில் ஒரு பிங்க் போட்டேன். வலிக்கவே இல்லை என்று சிரித்தாள். எனக்கும் பெருமைதான்.

ராத்திரி ஒன்றரை மணிக்குக் குழந்தை பிறந்தது. நஞ்சும் விழுந்தது. கர்ப்பப்பை இறுகவில்லை. பிள்ளைப்பேற்றுக் கடைசியில் கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வந்துபோகும். பிரசவம் ஆனதும் தசை இறுகி அந்தக் குழாய்களின் வாயை நெரித்து மூட வேண்டும். இறுகாவிட்டால் குழாயைத் திறந்து விட்டது போலத்தான். கீழே வாளி நிறைகிறது, மேலே என் பிங்க் நிமிஷத்துக்கு 60 மில்லி விடுகிறது. பையைச் சுற்றி பிரஷர் பார்க்கும் பட்டையைக் கட்டிக் காற்றடித்து அமுக்கினோம். ரத்தப் பை வந்ததும் இன்னும் மோசம். ரத்தம் கெட்டியானது, சலைன் போல ஓடாது. வேறு கையில் போடலாம் என்றால் நரம்பே இல்லை. மாலையில் கொழுகொழுவென்று இருந்த அதே கைதான். உடம்பில் ரத்தம் குறைந்ததும் நரம்பெல்லாம் உள்ளே சுருண்டுகொண்டது. மூன்று தடவை குத்தினேன், என் கை நடுங்கியது.

மயக்க மருத்துவர் ஓடி வந்தார். என்னை நகரச் சொல்லிவிட்டு, அவள் தலையைத் தாழ்த்தி, கழுத்தின் பக்க நரம்பில் ஒரு சாம்பலைப் போட்டார். 16. அதில் தண்ணீர் போன சத்தம்கூட வேறு மாதிரி இருந்ததாக எனக்கு நினைவு. ஒரு பக்கம் ஆக்ஸிடோசின், ஒரு பக்கம் பெரிய டாக்டர் கையை முஷ்டியாக்கி கர்ப்பப்பையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, மூன்றரை மணிக்கு நின்றது. அவள் பிழைத்தாள். ஏழாம் நாள் குழந்தையோடு வீட்டுக்குப் போகும்போது, ‘நீங்க போட்டது வலிக்கவே இல்லக்கா’ என்று மறுபடியும் சொல்லிவிட்டுப் போனாள். நான் என்ன சொல்ல?

அந்த மயக்க மருத்துவர் மறுநாள் என்னைத் திட்டவில்லை. டீ குடித்துக்கொண்டே ஒரு பேப்பரில் கோடு போட்டுக் காட்டினார். பிரெஞ்சு மருத்துவர் புவாஸய் 1840-களில் சொன்ன விதி. குழாயின் ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாகாது, பதினாறில் ஒன்றாகும். நீளம் இரட்டித்தால் ஓட்டம் பாதியாகும். ‘அதனாலதான் சிஸ்டர், ரத்தம் கொட்டுறப்போ கழுத்துல நீளமா சென்ட்ரல் லைன் போடுறதுக்கு முன்னாடி, கையில ரெண்டு குட்டைத் தடியன் போடணும்’ என்றார். எங்கள் ஊரில் கம்மாய்க் கரையில் மோட்டார் வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி இது. நீளமான ஒல்லிக் குழாயில் யார் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவார்கள்?

அதன் பிறகு நான் இருந்த பிரசவ வார்டில் உள்ளே வரும் எல்லாருக்கும் பச்சை. ரத்தசோகை, இரட்டைக் குழந்தை, முந்தைய சிசேரியன், நஞ்சு இறங்கியிருப்பது என்றால் ஒரு சாம்பலும் சேர்த்து. அழுதாலும் பச்சைதான், நரம்பு நன்றாக இருக்கும்போதே போட வேண்டும். கட்சி மாறினேன் என்று சொல்ல மாட்டேன். எந்தக் கட்சியிலும் இல்லாமல் போனேன். நிறத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் மூன்றைக் கேட்கப் பழகினேன். உள்ளே போகப்போவது என்ன, எவ்வளவு வேகத்தில், எத்தனை நாளைக்கு? நரம்பை அதற்கப்புறம்தான் தொட்டுப் பார்ப்பேன்.

குழந்தை வார்டில் இந்தக் கேள்விகளுக்கே வேலையில்லை. அங்கே மஞ்சள், கிடைத்தால் வயலட். நரம்பு விட்டதுதான் சட்டம். 2012-இல் தென் மாவட்டங்களில் டெங்கு பரவியபோது ராத்திரி முழுக்க மஞ்சள் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். டெங்குவில் ரத்தத்தின் நீர் நாளங்களைவிட்டுக் கசிந்து வெளியேறும். குழந்தை பார்க்க ஊதியிருக்கும், நரம்போ வற்றியிருக்கும். உள்ளங்கைக்குக் கீழே டார்ச் லைட்டை வைத்தால் சிவந்த கைக்குள் நரம்பு கறுப்பு இழையாகத் தெரியும். போட்டபின் மருந்துப் பெட்டி அட்டையை வெட்டி, பஞ்சும் துணியும் சுற்றி மட்டை கட்டுவோம். பச்சையில்தான் ரத்தம் ஏற்ற முடியும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த மூத்த சிஸ்டர்களை அந்த வார்டுக்குக் கூட்டிவந்து காட்ட வேண்டும். குழந்தைகளுக்கு மஞ்சளிலேயே ரத்தம் ஏற்றுகிறோம், மெதுவாக. அணுக்கள் உடையக் காரணம் பெரும்பாலும் மெல்லிய குழாய் இல்லை, அதன் வழியே முரட்டுத்தனமாக அமுக்கித் தள்ளும் கைதான்.

சி.டி. ஸ்கேன் அறையோடு நடக்கும் சண்டையையும் சொல்லிவிடுகிறேன். அங்கே மருந்தை மெஷின் வினாடிக்கு நாலைந்து மில்லி என்று தள்ளும். முழங்கை மடிப்பில் பிங்க்காவது இல்லாவிட்டால் நோயாளியைத் தள்ளுவண்டியோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர்கள் செய்வது சரி. எங்களுக்குத்தான் எரிச்சல்.

இதிலெல்லாம் நாங்கள் என்னவோ தேர்ந்தெடுப்பது போலச் சொல்கிறேன். மாதக் கடைசியில் ஸ்டோரில் பச்சையும் மஞ்சளும் மட்டும் மிஞ்சியிருந்த நாட்களும் உண்டு. நோயாளிக்கு வேண்டியது நீலம். அப்போது என்ன செய்தோம் என்று கேட்காதீர்கள்.

சர்வீஸின் கடைசிப் பத்து வருஷம் புற்றுநோய் வார்டில். அங்கே மேல்கையில் நுழைத்து இதயத்துக்குப் பக்கம்வரை கொண்டுபோகும் நீளக் குழாய், பிக் லைன், போடக் கற்றுக்கொண்டேன். அதன் அளவு ஃபிரெஞ்சு. பாரிஸில் கருவி செய்த ஷாரியேர் என்பவர் 19-ஆம் நூற்றாண்டில் கொடுத்த கணக்கு. ஒரு ஃபிரெஞ்சு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. இதில் நம்பர் ஏற ஏறக் குழாய் தடிக்கும். வகுப்பில் இருந்த சின்னப் பெண்கள், ‘ஏன் மேடம் இது தலைகீழா இருக்கு?’ என்று குழம்பினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் சித்தப்பா பட்டுத் தறி. பட்டுக்கு டெனியர் கணக்கு; 9,000 மீட்டர் இழை எத்தனை கிராம் எடை என்பது. டெனியர் ஏறினால் இழை தடிக்கும். பருத்திக்காரருக்கும் பட்டுக்காரருக்கும் நடுவே உட்கார்ந்து வளர்ந்தவளுக்கு இதில் குழம்ப என்ன இருக்கிறது?

பிக் லைனில் விரலுக்குப் பதில் ஸ்கேன் பார்த்து நரம்பை அளக்கிறோம். குழாய் நரம்பின் அகலத்தில் 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரத்தம் தேங்கி உறையும். 4 ஃபிரெஞ்சு என்பது 1.33 மில்லிமீட்டர். அதற்கு நரம்பு மூன்று மில்லிமீட்டராவது வேண்டும். 5 என்றால் 3.7. கீமோ போட்டுப் போட்டு இளைத்துப்போன ஒரு பெரியம்மாவின் கையில் 3.1 இருந்தது. கூட இருந்த இளம் டாக்டர் இரட்டை வழி உள்ள 5 ஃபிரெஞ்சு கேட்டார். ‘எதுக்கு சார் ரெண்டு வழி?’ என்றேன். ‘எதுக்கும் இருக்கட்டுமே சிஸ்டர்.’ 25 வருஷத்துக்கு முன்னால் என் வாயிலிருந்து வந்த அதே வார்த்தை. ஸ்கேன் திரையைக் காட்டி, கணக்கைச் சொன்னேன். நல்ல பிள்ளை, கேட்டுக்கொண்டார். ஒற்றை வழி 4 போட்டோம். ஐந்து மாதம் தங்கியது.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. அவருக்குச் சர்க்கரை. 1998-க்கும் 2006-க்கும் நடுவில் மூன்று தடவை கால் புண்ணுக்காக நான் இருந்த ஆஸ்பத்திரியிலேயே படுத்தார். மூன்று தடவையும் லைன் போட்டது நான்தான், வேறு யாரையும் தொடவிடவில்லை. மற்றவர்களுக்கு நீலம் போடுகிற அளவுக்குத் தேறியிருந்த நாளிலும் அப்பாவுக்குப் பச்சை போட்டேன். என் அப்பாவாயிற்றே, இருப்பதில் பெரியதைக் கொடுக்க வேண்டாமா? நாடா தள்ளுகிற வலது கையை விட்டுவிடச் சொன்னார். இடது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம் ஓடும் அந்த நேரான தடித்த நரம்பில் போட்டேன். புதுசாக வரும் ஹவுஸ் சர்ஜன்கூடத் தவறவிட முடியாத நரம்பு அது. ஒவ்வொரு தடவையும் பத்துப் பதினைந்து நாள் ஆன்டிபயாடிக்.

2009-இல் சிறுநீரகம் கைவிட்டது. டயாலிசிஸ் என்றார்கள். அதற்கு மணிக்கட்டில் நரம்பையும் தமனியையும் இணைத்து ஃபிஸ்டுலா செய்ய வேண்டும். 1966-இல் பிரெஸியாவும் சிமினோவும் எழுதிய அறுவை சிகிச்சை. இன்றுவரை அதற்கு நிகரான வழி இல்லை. இடக்கை இருந்தால் நல்லது. வேண்டியது கட்டைவிரல் பக்கத்து அதே நரம்பு. அறுவை டாக்டர் அப்பாவின் மணிக்கட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டேன். முறுக்கேறின கயிறாக இருந்தது, அமுக்கினால் அமுங்கவில்லை. மேலே முழங்கை மடிப்பில் செய்தார்கள். முதல் தடவை நிற்கவில்லை, இரண்டாவதாக வலது கைக்குப் போனார்கள். அதன் பிறகு அவர் தறியில் உட்காரவில்லை.

அந்த நரம்பு என் பச்சையால்தான் போனது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சர்க்கரையும் வயதும் சேர்ந்திருக்கும். சொல்லப்போனால் பச்சை என்பதைவிட, போட்ட இடம்தான் பெரிய தப்பு. புறங்கையில் ஒரு நீலம் அந்த ஆன்டிபயாடிக்குக்குத் தாராளமாகப் போதும். அப்பாவிடம் இதை ஒரு நாள் சொன்னேன். டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்தபடி, ‘ஏம்மா, 60 போதுற எடத்துல 20-ஆம் நம்பரைக் கோத்துட்டேங்கிற, அம்புட்டுத்தானே’ என்றார்.

சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ முற்றி, கிரியாட்டினின் ஏறத் தொடங்கியவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. எழுதாத கையை, அதிலும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, யாருக்கும் கொடுக்காதீர்கள். லைன் போட வரும் சிஸ்டரிடம் புறங்கையைக் காட்டி, ‘இங்க போடுங்க, சின்னது போதுமான்னு பாருங்க’ என்று சொல்லுங்கள். போட்ட லைன் இன்னும் வேண்டுமா என்று தினம் காலையில் கேளுங்கள். எங்களில் பெரும்பாலோர் கோபித்துக்கொள்ள மாட்டோம். கோபித்துக்கொண்டாலும் கேளுங்கள்.